மோதிரத்தைக் கழற்றுங்கள், தலையைப் பிறகு பார்க்கலாம்

நம் ஊர் ஸ்கேன் சென்டர்களின் விழிப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் நிற்கும் ஊழியரின் கண்ணுக்கு மெட்டி தப்பாது, கொலுசு தப்பாது, கொண்டைக்குள் ஆழப் புதைந்த ஹேர்பின் தப்பாது. "தாலியக் கழட்டித்தாம்மா ஆகணும், மஞ்சக் கயிறு மட்டும்னா பரவால்ல" என்று கல்யாணம் செய்துவைத்த புரோகிதரைவிடக் கண்டிப்பாகச் சொல்வார். மூன்று வயதுக் குழந்தையின் இடுப்பைத் தடவி வெள்ளி அரைஞாண் இருக்கிறதா என்று பார்ப்பார். தாயத்துக்குள் இருப்பது செப்புத் தகடா, வெறும் விபூதியா என்று விசாரிப்பார். போகிற போக்கில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் ஏ.டி.எம். கார்டையும் வெளியே வைக்கச் சொல்வார். அதன் காந்தப் பட்டை அழிந்துவிடுமே என்ற கரிசனம்.

இவ்வளவு சோதனையும் முடிந்த பிறகு, குழந்தையின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்துவைத்த ஒரு காந்தம் சாவதானமாக அந்த வாசலைத் தாண்டிப் போய்விட முடியும். ஏ.டி.எம். கார்டுக்குக் கிடைத்த கரிசனம் அதற்குக் கிடைக்காது. அது பையில் இல்லையே, தலையில் அல்லவா இருக்கிறது!

காக்ளியர் இம்ப்ளான்ட் இரண்டு பாதி கொண்ட கருவி. வெளிப்பாதியை எல்லோரும் பார்த்திருப்பார்கள்: காதில் மாட்டும் ப்ராசஸர், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் தலையோடு ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயில். உள்பாதி யார் கண்ணுக்கும் தெரியாது: மண்டையோட்டின் மேல், தோலுக்கடியில் ஒரு ரிசீவர், அதிலிருந்து உள்காதின் சுருளுக்குள் ஓடும் மின்முனைகள், ரிசீவரின் நடுவே ஒரு காந்தம். வெளியே காயில் நழுவாமல் நிற்பது அந்தக் காந்தத்தை நம்பி. பிள்ளை "அம்மா" என்ற சொல்லைக் கேட்பதும் அதன் தயவில்தான்.

எம்.ஆர்.ஐ. மெஷினும் காந்தம்தான். ஆனால் ஊரையே இழுக்கும் காந்தம். பெரும்பாலான சென்டர்களில் 1.5 டெஸ்லா, வசதியான இடங்களில் 3 டெஸ்லா. நம் காலடியில் இருக்கும் பூமியின் காந்தப்புலத்தைப் போல முன்னது சுமார் 30,000 மடங்கு, பின்னது சுமார் 60,000 மடங்கு. மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கும் கம்பிச் சுருள்களில் ஓயாமல் மின்சாரம் சுற்றுவதால் வரும் வலிமை இது. ராத்திரி ஆள் இல்லாவிட்டாலும், தீபாவளிக்கு சென்டரைப் பூட்டினாலும் அந்தக் காந்தம் விடுமுறை எடுப்பதில்லை. படம் எடுக்காத நேரத்தில் பெரிய சத்தம் இருக்காது, இழுப்பு இருக்கும்.

இந்த இரண்டு காந்தமும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பழைய வகை இம்ப்ளான்ட்டில் காந்தத்தின் ஒரு துருவம் தோலைப் பார்த்திருக்கும், மறுதுருவம் மண்டையோட்டைப் பார்த்திருக்கும். மெஷினின் புலமோ தலையிலிருந்து காலை நோக்கி ஓடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் உள்ளே இருக்கும் காந்தம் மெஷினின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். திரும்ப இடம் ஏது? மேலே தோல், கீழே எலும்பு, சுற்றிலும் சிலிக்கோன் உறை. ஒரு விளிம்பு எகிறும். பிள்ளை அலறும். சில சமயம் காந்தம் உறையைவிட்டே வெளியே வந்துவிடும். இன்னும் சில சமயம் குப்புறப் புரண்டு, மேல்முகம் கீழாகிவிடும். வீட்டுக்கு வந்து அம்மா காயிலை வைத்தால் ஒட்டாது; தள்ளிவிடும். காலையில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு மாலையில் உலகம் அணைந்திருக்கும். சரிசெய்ய மறுபடியும் கத்திதான். இவையெல்லாம் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவானவை. இது போதாதென்று மின்முனைகள் சூடாகலாம், காந்தம் வலுவிழக்கலாம், கருவியே பழுதாகலாம்.

புதிதாக முளைத்த சிக்கல் என்று யாரும் சமாதானம் சொல்லிவிட முடியாது. மனித உடலை முதன்முதலாக எம்.ஆர்.ஐ. படம் எடுத்தது 1977 ஜூலையில், நியூயார்க்கில். பல மின்முனைகள் கொண்ட நுண்மின்னணு காக்ளியர் இம்ப்ளான்ட்டை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது அதே 1977 டிசம்பரில், வியன்னாவில். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை. அரை நூற்றாண்டு நெருங்கிவிட்டது. நம் ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேசையில் மட்டும் இவை இரண்டுக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

அந்த மேசையில் இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆட்சி நடத்துகின்றன. முதலாவது, பரவால்ல கட்சி.

"சார், பாப்பாவுக்கு காக்ளியர் வெச்சிருக்கு."

"காது மெஷினா? கழட்டி அம்மா கையில குடுத்துடுங்க."

"வெளிய இருக்கிறதக் கழட்டிடுவோம் சார். உள்ளயும் ஒண்ணு இருக்கு. அதுல காந்தம் இருக்கு."

"அதான் கழட்டிட்டீங்கல்ல? பரவால்ல, படுக்க வைங்க."

இந்தக் கட்சிக்குக் காதில் தெரிவதெல்லாம் ஒன்றுதான். தாத்தா மாட்டும் ஹியரிங் எய்டும் குழந்தைக்குப் பொருத்திய இம்ப்ளான்ட்டும் அதற்கு ஒரே சாதி. தகப்பன் பயந்துபோய் இரண்டாவது தடவை சொன்னால், "எவ்ளோ பேருக்கு எடுத்திருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று அனுபவம் பேசும். அந்த எவ்வளவோ பேரில் எத்தனை பேர் தலையில் காந்தத்தோடு வந்தார்கள் என்று கேட்டால், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடும்.

இரண்டாவது, முடியாது கட்சி. இது படித்தவர்களின் கட்சி. "இம்ப்ளான்ட்டா? ஐயோ, எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, வேற எங்கயாவது பாத்துக்குங்க." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை டெஸ்லா, தலையை எடுக்க வேண்டுமா முழங்காலையா என்று ஒரு கேள்வியும் கிடையாது. வலிப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தகப்பன் அடுத்த சென்டருக்குப் போவான். அங்கேயும் அதே பதில். மூன்றாவது இடத்தில், "சி.டி. எடுத்துக்கலாமே" என்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைச் சி.டி.யில் தேடி, தெரியவில்லை என்று எழுதி, அதற்கும் பில் போடுவார்கள். முதுகுத்தண்டு நசுங்கி நடக்க முடியாத பெரியவருக்கும் இதே சுற்றுதான். இந்த அலைக்கழிப்புக்கு வைத்திருக்கும் பெயர், நோயாளியின் பாதுகாப்பு!

உண்மை இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கிறது. உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு எம்.ஆர்.ஐ. தொடர்பாக உலகம் முழுக்க மூன்று அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால் ஆபத்தில்லை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் அறைக்குள்ளேயே கூடாது. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு எடுக்கலாம். இன்று பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுகள் மஞ்சள் முக்கோணத்தில் வருகின்றன. சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நம்மவர்களில் பாதிப் பேர் ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள், மீதிப் பேர் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு செல்போனை எடுப்பார்கள். ஸ்கேன் சென்டரிலும் அதே கதை. மஞ்சள் முக்கோணம் சொல்வது ஒன்றே ஒன்று: கையேட்டை எடுத்துப் படி. பரவால்ல கட்சியும் படிப்பதில்லை, முடியாது கட்சியும் படிப்பதில்லை. கொள்கையில் எதிரெதிர்; சோம்பலில் கூட்டணி.

படிப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? மாடலைப் பொறுத்து விதி மாறுகிறது. மிகப் பழைய சிலவற்றுக்கு எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது. அடுத்து வந்த பலவற்றுக்கு, காந்தத்தின் மேல் பட்டையை வைத்துத் தலையை இறுக்கிக் கட்டி 1.5 டெஸ்லாவில் எடுக்கலாம். 3 டெஸ்லா என்றால் சின்ன அறுவை செய்து காந்தத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு மறுபடி உள்ளே வைக்க வேண்டும், காயம் ஆறும்வரை காயில் மாட்ட முடியாது, அதுவரை பிள்ளைக்குச் சத்தமில்லாத நாட்கள். புதிய மாடல்களில் காந்தமே தன் கூட்டுக்குள் சுழன்று மெஷினின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். 3 டெஸ்லாவுக்கும் கத்தி வேண்டாம், கட்டு வேண்டாம். ஆனால் அவற்றுக்கும் மெஷினின் செட்டிங்கில் வரம்பு உண்டு. எந்த மாடலானாலும் காந்தம் உள்ளே இருந்தால், படத்தில் அந்தப் பக்கத்து மூளையின் மேல் கறுப்பு நிழல் விழும். அந்த நிழலுக்குள் இருப்பதைத்தான் பார்க்க வேண்டுமென்றால், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ரேடியாலஜிஸ்டும் காது மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் எடுத்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும்: படம் தெளிவாக இல்லை, நோயாளியின் மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகப் பிள்ளை தலையைப் பணயம் வைத்திருக்கிறது.

இதில் கம்பெனிகளின் கைங்கரியத்தை மறந்தால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அமெரிக்காவில் பிறந்து இப்போது சுவிட்சர்லாந்தின் சோனோவா குழுமத்தில் இருக்கும் அட்வான்ஸ்டு பயானிக்ஸ் ஆகிய மூன்றும்தான் உலகச் சந்தையின் பெரிய கைகள். சுழலும் காந்தம் கொண்ட சின்க்ரனி மாடலை மெட்-எல் 2014-ல் கொண்டுவந்தது. மற்ற இரண்டும் தங்கள் பங்குக்கு 2018, 2019 வாக்கில் வந்து சேர்ந்தன. நல்லது, பாராட்டுவோம். காந்தம் சுழல வேண்டும் என்பது இவ்வளவு எளிய யோசனையாக இருக்க, அதற்கு முன்பு வைத்துவிட்ட தலைகளைப் பற்றிய யோசனை மட்டும் ஏன் இவ்வளவு கடினமாகிறது என்பதே கேள்வி.

விற்கும் நேரத்தில் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் 'எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது' என்றிருக்கும். பக்கத்திலேயே ஒரு குட்டி நட்சத்திரக் குறி மின்னும். ஜாதகத்தில் இருக்கும் 27 நட்சத்திரங்களைவிட அந்த ஒற்றை நட்சத்திரம் பிள்ளையின் வாழ்க்கையை அதிகம் தீர்மானிக்கும். அது கைகாட்டும் அடிக்குறிப்பைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும், ஆங்கிலம் வேண்டும், கொஞ்சம் இயற்பியலும் வேண்டும். கட்டு போட்டால், காந்தம் எடுத்தால், இத்தனை டெஸ்லாவுக்குள் இருந்தால், இந்த வகைச் சுருளைப் பயன்படுத்தினால் என்று ஆல் போல் தழைத்த 'ஆல்'கள். ப்ராசஸரை எந்த நிறத்தில் வேண்டும் என்று பெற்றோரிடம் காட்ட வண்ண அட்டை இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தமிழ்ச் சீட்டு எத்தனை பெற்றோர் கையில் இருக்கிறது?

அரசாங்கத்துக்கு வருவோம். தமிழ்நாடு இந்தத் துறையில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்பதைக் கேலியே இல்லாமல் சொல்ல வேண்டும். 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல லட்ச ரூபாய்க் கருவியை இலவசமாக வைத்தார்கள். கூலி வேலை பார்ப்பவர்களின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கேட்டார்கள், பேசினார்கள், சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அந்தப் புண்ணியத்தை யாராலும் மறைக்க முடியாது.

மறைக்க முடியாத அளவுக்குப் படமும் எடுத்துக்கொண்டோம். மேடை போட்டோம். குழந்தையை நடுவில் நிறுத்தி மைக்கை நீட்டினோம். அது மழலையில் "வணக்கம்" சொன்னதும் அமைச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேமராக்காரர் காயில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளையின் தலையைத் திருப்பிவிட்டார். அதோடு அரசின் கண்ணில் அந்தக் குழந்தையின் கதை சுபம்.

குழந்தை அதற்குப் பிறகும் வளரும் என்று திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அன்று மூன்று வயதில் கருவி வாங்கியவர்கள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். பைக்கிலிருந்து விழுகிறார்கள், முழங்கால் சவ்வு கிழிகிறது, தலைவலி நிற்காமல் வருகிறது, வலிப்பு வருகிறது. இனி நாற்பதும் ஐம்பதும் ஆகும். முதுகும் கழுத்தும் மூளையும் படம் கேட்கும். காந்தம் ஆயுசுக்கும் கூட வரும். அதற்கான காகிதம் ஆயுசுக்கும் வருமா? அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த சின்ன அட்டையில்தான் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கின்றன. அந்த அட்டையின் விலை அம்மாவுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. வீடு மாறும்போது தொலைந்திருக்கும். 2015 வெள்ளத்தில் ரேஷன் கார்டோடு சேர்ந்து அடையாற்றில் போயிருக்கும்.

ஆனால் அரசாங்கத்தின் கையிலிருந்து அது தொலைய வழியே இல்லை. காசு கொடுத்த காப்பீட்டுக் கோப்பில் பில் இருக்க வேண்டும், மருத்துவமனையின் கோப்பில் கருவியின் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு ரூபாய் என்று தணிக்கைக்காரர் கேட்டால் ஒரே நாளில் எடுத்துத் தருவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த மாடல் என்று நள்ளிரவில் ஒரு டியூட்டி டாக்டர் கேட்டால்? ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் எத்தனை கிலோ துவரம்பருப்பு பாக்கி என்று திரையில் காட்டும் மாநிலம் இது. பிள்ளையின் தலைக்குள் என்ன காந்தம் இருக்கிறது என்பதைக் காட்ட அதே மாநிலத்துக்கு ஒரு திரை கிடைக்கவில்லை.

சட்டத்தைக் கேட்கலாம் என்றால், அது இன்னும் ரசமானது. எக்ஸ்-ரேயும் சி.டி.யும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில் வருகின்றன, கதிர்வீச்சு இருக்கிறதே. எம்.ஆர்.ஐ.யில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. ஆகவே அந்த வாரியத்துக்கு அது விஷயமே இல்லை. ஸ்கேன் சென்டர் சுவரில் தவறாமல் ஒரு பலகை தொங்கும்: இங்கே கருவின் பாலினம் கண்டறியப்படமாட்டாது. அவசியமான பலகை. பிறக்காத பிள்ளைக்குச் சட்டம் கொடுத்த அந்தப் பாதுகாப்பில் ஒரு பலகை அளவாவது, பிறந்து வளர்ந்து காந்தத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைத்திருக்கலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் தடையில்லாத மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. நம் நிர்வாகங்கள் அதை ஒரு சாய்தளமாக மொழிபெயர்த்து, சிமென்ட் பூசி, நீல நிறத்தில் சக்கர நாற்காலி வரைந்து முடித்துவிட்டன. காது கேளாதவர்களும் அந்தச் சாய்தளத்தில் ஏறி இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மருத்துவக் கருவியால் பாதிப்பு வந்தால் பதிவுசெய்ய நாட்டில் ஒரு திட்டம்கூட இருக்கிறது. 2015 ஜூலையில் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. எம்.ஆர்.ஐ.யில் காந்தம் புரண்ட பிள்ளையின் தகப்பனுக்கு அது இருப்பது தெரியுமா? அவனை விடுங்கள், படம் எடுத்த டெக்னீஷியனுக்குத் தெரியுமா? பதிவாகாத விபத்து நடக்காத விபத்து. நடக்காத விபத்துக்கு விதி எதற்கு? இப்படி ஒரு வட்டம் அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காந்தம் தலைக்குள் இருந்தால்தான் இந்த அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுயரத்துக்கு நின்றாலும் நம் கண்ணுக்குப் படாது. 2014 நவம்பரில் நவி மும்பையின் புற்றுநோய் ஆய்வு மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டர் மெஷினை நோக்கிப் பாய்ந்து, இரண்டு ஊழியர்களை அதோடு அப்பி வைத்தது. மணிக்கணக்கில் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகூட முடியவில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். மெஷின் ஓடவில்லை என்று ஊழியர் சொன்னதால் போனதாக உறவினர்கள் சொன்னார்கள். சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்துபோனார். ஒரு மனிதன் தூக்க முடியாமல் தூக்கிப்போகும் இரும்பைப் பார்க்காத கண், தோலுக்கடியில் இருக்கும் காந்தத்தைப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பதே பேராசையோ என்னவோ.

சரி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாடலைப் பார்த்தாயிற்று, கட்டும் போட்டாயிற்று. அப்போதும் ஒரு வேடிக்கை மிச்சமிருக்கிறது. ப்ராசஸரை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே உள்ளே போகும் நிமிடமே அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. கேட்காத பிள்ளையைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் உத்தரவு வரும்: "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." பிள்ளை எப்படி அசையாமல் இருக்கும்? எப்போது தொடங்கியது, எப்போது முடியும், தலைக்குள் இழுப்பது சாதாரணமா ஆபத்தா என்று எதுவும் தெரியாமல் புரளும். உடனே மைக்கில் குரல் உயரும்: "சொல்றது காதுல விழலையா?" விழவில்லை ஐயா. அதற்குத்தானே அந்தக் கருவியே வைத்தார்கள்!

முன்னாலேயே படம் வரைந்து காட்டியிருக்கலாம். காலைத் தொட்டால் மூச்சைப் பிடி, இரண்டு முறை தட்டினால் விடு என்று பேசிவைத்திருக்கலாம். வலித்தால் அமுக்கு என்று கையில் ரப்பர் பல்பைக் கொடுத்து, ஒருமுறை அமுக்கச் செய்து பார்த்திருக்கலாம். தனக்கு எழுத்து தெரியும் என்று நிரூபிக்க ஏங்கும் பிள்ளைக்கு ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கலாம். இதற்கெல்லாம் ஹீலியம் வேண்டாம், டாலர் வேண்டாம், டெண்டர் வேண்டாம். எதிரில் இருப்பது ஒரு ஆள் என்ற நினைப்பு வேண்டும். அதுதான் ஸ்டாக் இல்லை.

ஸ்டாக்கில் குறைவில்லாமல் இருப்பது ஒப்புதல் படிவம். அது ஆங்கிலத்தில் இருக்கும். எந்தப் பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பாகாது என்ற வரி அதில் எங்கேயாவது இருக்கும். தகப்பன் அதன் அடியில் தமிழில் கையெழுத்துப் போடுவான். "என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டால், "எல்லாருக்கும் குடுக்கிறதுதான், போடுங்க" என்பார்கள். படிக்க வேண்டியவர்கள் கையேட்டைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவன் படிவத்தைப் படிக்க முடியவில்லை. இந்த இரண்டு படிக்காமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறது பிள்ளை. அதிலும் நியாயத்தைப் பாருங்கள்: கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன்தான் அந்த அறையிலேயே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இயற்பியல் படித்தவர், மருத்துவம் படித்தவர், மெஷின் விற்றவர், கருவி விற்றவர், திட்டம் தீட்டியவர் யாருக்கும் ஒரு பொறுப்பும் இல்லை.

இதைத் திருத்த ஆகாயத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. எல்லா எம்.ஆர்.ஐ. படிவத்திலும் தமிழில் முதல் கேள்வியாக, காதுக்குள் கருவி வைத்திருக்கிறார்களா என்று ஒரு வரி அச்சிட எவ்வளவு மை ஆகும்? அரசு வைத்த ஒவ்வொரு இம்ப்ளான்ட்டின் மாடலையும் சீரியல் நம்பரையும் காப்பீட்டு எண்ணோடு கோத்து, எந்த மருத்துவமனையும் பார்க்கும்படி வைக்க எத்தனை கணினி வேண்டும்? அட்டை தொலைந்தவர்களுக்கு ஒரு எக்ஸ்-ரேயில் பல மாடல்களை அடையாளம் சொல்லிவிடும் காது மருத்துவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தானே சொல்வார்கள். இங்கே விற்கும் கம்பெனி எம்.ஆர்.ஐ. விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் கொடுக்காவிட்டால் டெண்டர் கிடையாது என்று அரசு ஒரு நிபந்தனை போட்டால், அந்தப் பக்கம் மறுநாள் காலையே அச்சாகி வரும். நட்சத்திரக் குறி இல்லாமலே வரும். மாவட்டத்துக்கு ஒரு மெஷினாவது, இம்ப்ளான்ட் வைத்தவர்களைத் திருப்பி அனுப்பாமல், விதிப்படி எடுத்துத் தரும் இடம் என்று அறிவிக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இன்றைக்கே செய்யலாம். அந்த ஒப்புதல் படிவத்தில் தகப்பன் கையெழுத்துக்கு மேலே இன்னொரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் ஸ்கேன் எடுப்பவர் தன் பெயரை எழுதட்டும்: இந்தக் கருவியின் மாடலைப் பார்த்தேன், அதன் நிபந்தனைகளைப் படித்தேன், இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று. எடுக்க மாட்டேன் என்பவரும் அதே கோட்டில் எழுதட்டும்: இந்த நிபந்தனையால் முடியாது, இன்ன இடத்தில் முடியும் என்று. அந்த இரண்டில் ஒன்றின் கீழும் கையெழுத்துப் போடத் தயங்கும் கைக்கு ஸ்கேன் பொத்தானை அழுத்தும் உரிமையும் கிடையாது, பிள்ளையை வாசலோடு விரட்டும் உரிமையும் கிடையாது.